மவ்ஜூத் வழி கேட்ட நாள்

கெய்ரோவில் இருபத்தாறு வருடமாக டாக்சி ஓட்டுகிறேன். என் அக்கா நக்லாவின் புருஷன் மவ்ஜூத் அதில் ஏறினால் முக்குக்கு முக்கு கண்ணாடியை இறக்கி வழி கேட்பார். நான் குடியிருக்கும் தெருவுக்கே கேட்பார். இத்தனை வருடமாக இதைப் பொறுத்துக்கொண்டுதான் வண்டி ஓட்டுகிறேன்.

"எனக்கு வழி தெரியாதா மச்சான்?"

"கேட்டா வாய் தேஞ்சிடுமா? நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

முப்பத்தோரு வருடம் ஒரு அமைச்சகத்தில் டீ போட்ட மனுஷன். மனு கொண்டு வருகிறவர்கள் எல்லாம் அவரிடம்தான் அறை கேட்பார்கள். எந்த அறையில் யார், யாருக்கு எத்தனை கரண்டி சர்க்கரை, எல்லாம் அத்துபடி. அமைச்சகம் பாலைவனத்துப் புது நகரத்துக்குப் போனது. அங்கே டீக்கு இயந்திரம் வைத்துவிட்டு இவரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

போன வசந்தத்தில் அக்காவுக்குக் கண் ஆபரேஷன். ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. சனிக்கிழமை தேதி கிடைத்திருந்தது, விட்டால் இன்னும் நாலு மாதம். அதுவரை மிச்சக் கண் தாங்காது என்றார் டாக்டர். அரசு செலவில் செய்ய, அனுமதித் தாளில் மச்சான் வேலை பார்த்த அமைச்சகத்தின் கழுகு முத்திரை மட்டும் பாக்கி. வியாழக்கிழமை இரண்டு மணிக்குள் வாங்கியாக வேண்டும்.

அந்த வியாழக்கிழமை பன்னிரண்டரைக்குப் புது நகரத்துக்குள் நுழைந்தோம். ஆறு வண்டி ஒன்றாகப் போகிற அகலத்துக்குச் சாலை, முட்டுக்கொடுத்து நிறுத்திய ஈச்ச மரங்கள், ஒரே மாதிரி கண்ணாடிக் கட்டடங்கள். மவ்ஜூத் கண்ணாடியை இறக்கினார். கேட்க ஒரு ஈ காக்கை இல்லை.

"என்ன ஊருடா இது? ஆளுங்கள எங்க வச்சிருக்கானுங்க?"

நான் போனை நீட்டினேன். வரைபடம் எங்களை வெறும் மணலில் நிற்பதாகக் காட்டியது. நாங்கள் ஒரு பாலத்தின் மேல் நின்றோம்.

முதல் வாயிலின் காவல்காரன் நேரே போகச் சொன்னான். இரண்டாமவன் வந்த வழியே திரும்பச் சொன்னான். மூன்றாமவன், "அடுத்த வளைவுல இடது பக்கம், பாஷா. அங்க யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க" என்றான். தெரியாது என்று சொல்ல ஒருத்தனுக்கும் வாய் வரவில்லை. அந்த வளைவில் யாரும் இல்லை. மணி ஒன்று இருபது.

"நிறுத்து" என்று இறங்கினார் மவ்ஜூத். எதிரே வந்த ஊழியர் பஸ்ஸுக்கு முன்னால், நீள அங்கியோடு கையை விரித்து நின்றுவிட்டார்.

"சாகணும்னா வேற வண்டியப் பாருங்க ஹாஜி!" என்று ஓட்டுநர் கத்தினான். அதற்குள் இவர் பஸ்ஸில் ஏறியாகிவிட்டது. பின்னாலேயே நானும் ஏறினேன்.

"கழுகு முத்திரை எந்தக் கட்டடத்துல இருக்கு?"

பின்சீட்டிலிருந்து ஒரு குரல்: "கட்டடத்துல தேடாத மவ்ஜூத். பெட்டிச் சாவி என் இடுப்புல இருக்கு." முத்திரைக்காரர் ஃபிக்ரி. நேரத்துக்கு முன்பே வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். "வெள்ளி, சனி லீவு. ஞாயித்துக்கிழமை ஆபீஸ் திறந்ததும் வா."

"நக்லாவுக்கு சனிக்கிழமை ஆபரேஷன் ஐயா. உங்க டீக்கு மூணு கரண்டி சர்க்கரை. டாக்டர் கூடாதுன்னதுக்கு அப்புறமும் மூணு. உங்க வீட்டம்மாகிட்ட என்னைக்காவது சொல்லியிருக்கேனா?"

பஸ்ஸே சிரித்தது. ஃபிக்ரி முனகிக்கொண்டே இறங்கி என் வண்டியில் ஏறினார். "வலது. மறுபடி வலது. இவ்வளவு பெரிய கட்டடம் கண்ணுக்குத் தெரியலையாக்கும்" என்று வழியெல்லாம் எனக்கு வசவு.

இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் முத்திரை விழுந்தது. மவ்ஜூத் தாளை ஊதி ஊதிக் காயவைத்து, மடித்து, நெஞ்சோடு வைத்துக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

படி இறங்கும்போது ஃபிக்ரி தன் தோளைத் தடவிப் பார்த்தார். "என் பை! மாத்திரை எல்லாம் அதுலதான். பஸ்ஸோட போச்சு!"

பஸ் போய் அரைமணி நேரம். அது போகிற ஹெல்வான் கெய்ரோவின் மறுகோடி. நான் வாயைத் திறக்குமுன் மவ்ஜூத் அவரை முன்சீட்டில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்.

"மாப்ள, அந்த பஸ்ஸைப் பிடி."