இருநூற்று அறுபத்தெட்டு கிலோமீட்டர், ஒரு காது

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். பனி, மலையின் மேல்பாதி தெரியவில்லை. நானும் மனைவியும் திருவண்ணாமலையிலிருந்து வாடகைக் காரில் கிழக்கே, சென்னைக்குப் புறப்பட்டோம். போக வேண்டிய ஊர் பெங்களூர். அது மேற்கே இருக்கிறது.

பேத்திக்கு அன்று அங்கே காதுகுத்து. மகளுக்கு உடன்பிறந்தவன் இல்லாததால், தாய்மாமன் இடத்தில் என் மடியில்தான் குழந்தையை உட்கார வைப்பது என்று முடிவாகியிருந்தது. நல்ல நேரம் மாலை மூன்றரை முதல் நாலரை வரை. பிறகு ராகு காலம். அதற்குள் நான் போய்ச் சேராவிட்டால் மடி என் மைத்துனனுடையது. அவன் அன்று விடிகாலை நாலு மணி பஸ்ஸிலேயே கிளம்பியிருந்தான்.

நில அளவைப் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன் நான். இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே ஆகாய வழியில் 268 கிலோமீட்டர், பறக்கும் நேரம் ஐம்பது நிமிடம். பஸ்ஸில் 205 கிலோமீட்டர், முந்நூற்று முப்பது நிமிடம். இதை வேங்கிக்கால் டீக்கடையில் பதினொரு பேருக்கு விளக்கினேன். வீட்டிலிருந்து விமானம் வரைக்கும் எவ்வளவு நேரம் என்று அவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அது அவர்கள் தவறு.

விமான நிலையத்தை 9.50க்கு அடைந்தோம். 12.20 விமானம் முப்பத்தைந்து நிமிடம் தாமதம் என்றார்கள். பதினொன்றேகாலுக்கு மைத்துனன் போன் செய்தான்.

“மாமா, நான் வந்து, குளிச்சு, டிபனும் சாப்ட்டாச்சு. நீங்க இன்னும் பறக்கலையா?”

வானத்தில் போகும்போது கீழே ஒரு குன்றைப் பார்த்து மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அது நம் மலை இல்லை, நம் மலை தெற்கே எண்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்றேன். அதற்குள் பக்கத்து வரிசையில் மூன்று பேர் கும்பிட்டுவிட்டார்கள். “கும்பிட்டா உங்களுக்கு என்னா கொறஞ்சு போச்சு?” என்றாள். விமானம் நாற்பத்தொன்பது நிமிடத்தில் இறங்கியது. ஒரு நிமிடம் லாபம்.

பெங்களூர் விமான நிலையம் ஊருக்கு வடக்கே. மகள் வீடு தெற்கே, ஓசூர் சாலையில். மைத்துனன் வந்த பஸ் அந்த வழியாகத்தான் வரும். டாக்ஸியில் இன்னும் 56 கிலோமீட்டர். சிக்னல்களை இருபத்துமூன்று வரை எண்ணிவிட்டு, தாங்க முடியாமல் நிறுத்திக்கொண்டேன். 4.19க்கு மைத்துனனைக் கூப்பிட்டேன்.

“மச்சான், என்னால வந்து சேர முடியாது. நீயே மடியில வெச்சுக்க.”

“சும்மா இருங்க மாமா. கொழந்தையையும் காது குத்துற பத்தரையும் கீழ இட்டுக்கினு வர்றேன்.”

4.26க்கு வாசலில் டாக்ஸி நின்றபோது, எட்டு மாடி இறங்கி, கையில் குழந்தையும் பக்கத்தில் பத்தருமாக நின்றிருந்தான். நான் இறங்கக்கூட இல்லை. பின் சீட்டிலேயே குழந்தையை என் மடியில் வைத்தான். பத்தர் பாதி உடம்பை உள்ளே நுழைத்தார். 4.29க்கு ஒரு காது முடிந்தது. குழந்தை போட்ட சத்தத்தில் டிரைவர் ஹாரனை அழுத்திவிட்டார். மறு காதைப் பத்தர் தொடுவதற்குள், பின்னாலேயே இறங்கி வந்த சம்பந்தியம்மா கடிகாரத்தைக் காட்டித் தடுத்துவிட்டார்கள். ராகு காலம்.

ஆறு மணிக்கு மேல் என்னைப் பார்த்ததுமே குழந்தை வீறிட்டது. இரண்டாவது காது மைத்துனன் மடியில் நடந்தது. அங்கே அது அழக்கூட இல்லை. அவனுக்கு ஒரு காது, எனக்கு ஒரு காது. கார், விமானம், இரண்டு காபி, டாக்ஸி, வாசலில் டாக்ஸி காத்திருந்தது எல்லாம் சேர்த்து, என் பங்குக் காதுக்கு எனக்கு ஆன செலவு 13,465 ரூபாய்.