ரெட்டைக்கயிறு மாப்பிள்ளை

அந்தப் பெயரை நான் முதலில் கேட்டது சின்ன அத்தையின் வாயிலிருந்துதான். அப்பாவின் கடைசித் தங்கை அவள். வீட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே செய்தியைக் கழற்றி வைத்துவிடுவாள். அப்போது என் தங்கைக்கு இருபத்துமூன்று வயது.

“அண்ணா, நம்ம சின்னவளுக்கு ஒரு இடம் வந்திருக்கு. பையனை எல்லாரும் ரெட்டைக்கயிறுன்னு கூப்பிடறாங்க.”

அப்பா பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஆளா, பார்சலா?”

“சிரிக்காதீங்க. உசரமான கட்டடத்துல வெளிப்பக்கம் தொங்கிக்கிட்டுக் கண்ணாடி துடைக்கிற வேலை. மத்தவன் ஒரு கயிறுல தொங்கினா இவன் ரெண்டு கட்டிக்குவான். ஒண்ணு உட்கார, இன்னொண்ணு விழுந்தா பிடிக்க.”

“பயந்தாங்கொள்ளின்னு சொல்லு.”

“ஆமா, பயந்தவனாப் பாத்துத்தான் கொண்டாந்திருக்கேன். தைரியசாலியைக் கட்டிக்கிட்டு நான் பட்டது போதாதா?”

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். அத்தை வீட்டுக்காரர் விளம்பரப் பலகை மாட்டப் போனவர், ஏணியிலிருந்து விழுந்து முப்பத்தாறு வயதில் போய்ச் சேர்ந்தார்.

அப்படி வந்தவர்தான் எங்கள் மாப்பிள்ளை. கல்யாணத்துக்குப் பிறகும் இருபத்தொன்பது வருஷம் அந்த வேலை பார்த்தார். காலையில் மொட்டை மாடிக்குப் போனதும் கைப்பிடிச் சுவரின் விளிம்பில், கயிறு உரசும் இடத்தில், பழைய தண்ணீர்க் குழாயை நறுக்கி உறை போடுவார். பிறகு முடிச்சை இழுத்துப் பார்ப்பார். இன்னொருவன் பார்த்துவிட்டுச் சரி என்று சொன்னாலும் இவர் திரும்ப ஒருமுறை இழுப்பார். காற்று எழும்பினால் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் காட்டியிருக்கிறார். “முறைச்சுக்கிட்டு நிக்கக் கூடாது அண்ணி. ரெண்டாவது கயிறை ஒரு முழம் தளர்த்தி விடணும். விட்டுட்டு, பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கணும். காத்து எவ்வளவு நேரம் அடிக்கும்? அடங்கித்தானே ஆகணும்!” இதைச் சொல்லும்போது இரண்டு உள்ளங்கையையும் எங்கள் வீட்டுச் சுவரில் பதித்துக் காட்டுவார். பிள்ளைகள் சிரிக்கும். என் தங்கை மட்டும் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.

அவள் துணிக்கடை ஒன்றின் பின்னறையில் தையல் வேலை பார்த்தாள். பேன்ட்டின் கீழ்மடிப்பு, கழுத்துப் பட்டி, ஜிப்பு மாற்றுவது. சன்னல் இல்லாத அறை. பகலிலும் விளக்குப் போட்டு, கறுப்புத் துணியில் கறுப்பு நூலைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டாள். தனக்கென்று தெருப்பார்த்த ஒரு கடை வேண்டும் என்பதைத் தவிர அந்தப் பெண் வாழ்க்கையில் எதையும் கேட்டதில்லை.

மாப்பிள்ளையின் முட்டி இரண்டும் தேய்ந்துபோயின. கம்பெனியில் ஒரு தொகை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பணம் வந்த அன்றே அதை இரண்டாகப் பிரித்துப் போட்டார். பெரிய பங்கு தங்கையின் கடைக்கு. மருந்துக்கடைக்குப் பக்கத்தில் அந்தக் கடைக்காரருடைய ஓர் அறை அடுத்த வருஷம் காலியாகப் போகிறது, அதற்கு அட்வான்ஸ் கொடுக்க. சின்னப் பங்கைத் தன் பெயரில் வைத்துக்கொண்டார்.

“வீட்டுல சும்மா உக்காந்தா துருப் பிடிச்சிடுவேன்” என்றார்.

முட்டிக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்தில் அவருக்கு ஒரு சிநேகிதர் கிடைத்தார். விமான நிலையத்தில் பணம் மாற்றிக் கொடுக்கும் கவுன்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் கவுன்டர்க்காரர் என்போம். அவர்தான் கரன்சி வியாபாரத்தைச் சொல்லிக் கொடுத்தார். ஒரு நாட்டுப் பணத்தைக் கொடுத்து இன்னொரு நாட்டுப் பணத்தை வாங்குவது, ஏறினால் விற்பது. எல்லாம் போனிலேயே. நம் கையில் ஒன்று இருந்தால் முப்பதுக்கு வாங்க விடுவார்களாம். ஆனால் நஷ்டம் வந்தால் அந்த முப்பதுக்கும் நம் தலையில்தான் விடியும்.

கவுன்டர்க்காரர் ஏமாற்றுக்காரர் இல்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். “இதுல பணக்காரன் ஆகலாம்னு எவனாவது சொன்னா செருப்பை மாட்டிக்கிட்டு எழுந்து வந்துடுங்க” என்றுதான் ஆரம்பித்தார். “முதல்ல நாலு மாசம் பொம்மைப் பணத்துல பழகுங்க. அப்புறம் நூறு இருந்தா ஒரு தடவைக்கு ஒண்ணுதான் நஷ்டமாப் போகலாம், அதுக்கு மேல போகக் கூடாது. வாங்கும்போதே ஸ்டாப் போட்டுடணும்.”

ஸ்டாப் என்றால், இந்த விலைக்குக் கீழே போனால் என்னைக் கேட்காமல் விற்றுவிடு என்று முன்கூட்டியே எழுதி வைப்பது.

மாப்பிள்ளை முகம் மலர்ந்துவிட்டது. “அட, ரெண்டாவது கயிறு!”

நாலு மாதம் சொன்னால் ஆறு மாதம் பழகினார். தங்கை வேலை முடிந்து வந்ததும் கேட்பாள், “பொம்மைப் பணத்துல இன்னிக்கு எனக்கு என்ன வாங்கினீங்க?”

“ஒரு பங்களா.”

“கூட்டிப் பெருக்க ஆளு?”

“அதுக்கு நீ இருக்கியே.”

“அப்ப பொம்மையையே கட்டிக்கிட்டிருக்க வேண்டியதுதானே!”

பிறகு நிஜப் பணம். கொஞ்சம் வந்தது, கொஞ்சம் போனது. மின்சாரக் கட்டணத்துக்கு ஆகிற அளவுக்கு மிஞ்சியது. ஒவ்வொரு தடவையும் ஏன் வாங்கினேன் என்று ஒரு நோட்டில் பள்ளிக்கூடப் பையன் மாதிரி எழுதி வைத்தார்.

நிஜப் பணத்தில் இறங்கிய ஐந்தாவது மாதம் ஒருநாள் அவர் வாங்கியிருந்த யூரோ இறங்கி ஸ்டாப்புக்குப் பக்கத்தில் வந்து ஆடிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு மயிரிழைதான். மாப்பிள்ளை ஸ்டாப்பை எடுத்துக் கொஞ்சம் கீழே தள்ளி வைத்தார். ஒரு முழம் தளர்த்தினார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு காத்திருந்தார். சாயங்காலத்துக்குள் விலை திரும்பி ஏறி லாபமாகவே முடிந்தது.

நான் அன்று அங்கேதான் இருந்தேன். “பாத்தீங்களா அண்ணி, காத்து அடங்கிடுச்சு” என்றார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

கவுன்டர்க்காரர் இதைக் கேட்டுக் கத்தினார். “நஷ்டம் வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்யா! கெட்ட பழக்கத்துக்குக் கூலி வாங்கிட்டு வந்து நிக்கறீங்க.”

“நான் பாக்காத காத்தா?” என்றார் மாப்பிள்ளை.

இரண்டு வாரம் கழித்து மருந்துக்கடைக்காரர் அட்வான்ஸை ஏற்றிச் சொன்னார். துண்டு விழுந்தது ஒரு புதுத் தையல் மெஷின் விலை அளவுக்கு. சனிக்கிழமைக்குள் கொடுத்தால் அறை உங்களுக்கு, இல்லாவிட்டால் செல்போன் கடைக்கு என்றார். தங்கை அந்த அறையை டேப்பால் அளந்துவிட்டு வந்திருந்தாள். சன்னல் ஓரம் மெஷின், எதிர்ச்சுவரில் கண்ணாடி. “விடுங்க, அடுத்த வருஷம் வேற அறை பாக்கலாம்” என்று வாய் சொன்னது. கை மட்டும் சுருட்டிய டேப்பைத் திரும்பப் பிரித்து மெஷின் வரும் அளவைப் பார்த்தது. அதை மாப்பிள்ளை பார்த்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை யூரோ வாங்கினார். நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கை அன்று தாண்டினார். மத்தியானம் ஏதோ ஒரு பெரிய வங்கி வட்டியைப் பற்றி அறிவித்தது. விலை விழுந்தது. தளர்த்தினார். இன்னும் விழுந்தது. இன்னும் தளர்த்தி, விலை குறைவாக இருக்கிறதே என்று மேலும் கொஞ்சம் வாங்கினார். வெள்ளிக்கிழமை காலை, கணக்கில் பணம் போதாது, போடாவிட்டால் மூடிவிடுவோம் என்று போனில் எச்சரிக்கை வந்தது. தங்கையின் கடைப் பணத்தை எடுத்துப் போட்டார். மூன்று தடவையாகப் போட்டார். மூன்று மணி வாக்கில் கரன்சிக் கம்பெனிக்காரர்களே எல்லாவற்றையும் விற்று மூடிவிட்டார்கள்.

கட்டடத்தில் கயிறு தரை வரைக்கும் இருக்கும். எவ்வளவு தளர்த்தினாலும் மிச்சம் இருக்கும். இங்கே அவர் கயிறு எவ்வளவு நீளம் என்பதையே மறந்துவிட்டார்.

சனிக்கிழமை காலை தங்கை இஸ்திரி போட்ட உடுப்பில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். துணைக்குப் போக நானும் வந்திருந்தேன். மாப்பிள்ளை வாசலை மறித்து நின்றார்.

“போக வேணாம்.”

“ஏன்? துண்டு விழுந்ததை அக்கா தர்றேன்னு சொல்லிட்டாங்க.”

நான்தான் சொல்லியிருந்தேன். முந்தின நாள் மத்தியானம் அவளுடைய வேலையிடத்துக்குப் போய்ச் சொன்னேன். வீட்டுக்குப் போய் அவரிடம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அதற்குள் பாதி போயிருக்கும்.

“கயிறை விட்டுட்டேன்” என்றார்.

“எந்தக் கயிறை?”

“ரெண்டையும்.”

அவளுக்குப் புரிய நேரமாயிற்று. பையைத் தோளிலிருந்து எடுத்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். கத்துவாள் என்று நினைத்து நான் தெருக்கதவைச் சாத்தினேன். அவள் கத்தவில்லை.

“இருபத்தொம்போது வருஷம், நீங்க வீட்டுக்கு வந்து சேர்ற வரைக்கும் எனக்குத் தொண்டையில ஒண்ணும் இறங்காது. முட்டி போச்சுன்னு டாக்டர் சொன்னப்போ நீங்க அழுதீங்க. நான் உள்ளுக்குள்ள சந்தோஷப்பட்டேன். கீழ இறங்கிட்டீங்கன்னு நினைச்சேன்.”

அவர் சுவரோரமாக ஒதுங்கி நின்றார். இரண்டு கையும் பின்னால் சுவரில் பதிந்திருந்தன.

திங்கட்கிழமை யூரோ ஏறியது. அவர் வாங்கின விலைக்கும் மேலே போனது. கவுன்டர்க்காரர் வந்து சொன்னபோது மாப்பிள்ளை, “அடங்கும்னு எனக்குத் தெரியும்” என்றார். அந்த மனிதர் கொண்டு வந்த பழத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த நோட்டைப் பிறகு யாரும் பார்க்கவில்லை. தங்கை அன்றைக்குச் சொன்னதோடு சரி, அதைப் பற்றித் திரும்ப ஒரு வார்த்தை பேசினதில்லை. திட்டியிருந்தால் அவர் தேறியிருப்பார்.

மருந்துக்கடைக்குப் பக்கத்தில் இப்போது செல்போன் கடை. தங்கை அந்தப் பின்னறையில்தான் இருக்கிறாள், மூக்குக்கண்ணாடி ஒரு நம்பர் கூடியிருக்கிறது. மாப்பிள்ளை முன்பு தான் துடைத்த ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில், கார் நிறுத்துகிறவர்களுக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிறார். காலை ஆறிலிருந்து மத்தியானம் இரண்டு வரை.