மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் என் வாயும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்கள் தள்ளிப் போட்டேன். இரண்டு தடவை எழுதி, அடுப்புப் பற்றவைக்க அந்தத் தாளையே எடுத்துக்கொண்டேன். நான் எட்டாவது வரைதான் படித்தவள். அது ஒரு காரணம். இன்னொரு காரணம், இதில் வருகிற என் ஓரகத்தி அடுத்த வீட்டில்தான் இருக்கிறாள், அவள் கையில் எது கிடைத்தாலும் படித்துவிடுவாள். ஆனால் சபையில் பெண்கள் கூட்டம் முடிந்ததும் யாராவது ஒரு தாய் என்னிடம் வந்து, "எம் பொண்ணு மூணாவது போவுது, திடீர்னு மக்காயிட்ட மாதிரி கீதுங்க" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு உறுத்துகிறது. அதனால் கர்த்தர்மேல் பாரத்தை வைத்து எழுதுகிறேன்.

எங்களுக்கு ஆரணியில் பட்டுத்தறி. வீட்டுக்காரர் நெய்கிறார். நான் ராட்டை சுற்றி, தறிக்கு ஊடையாகப் போகிற நூலைத் தார் என்கிற சின்னக் குழலில் ஏற்றிக் கொடுப்பேன். தறி ஒரு பக்கம் தடதடவென்று ஓடும். அதற்கு மேல் குரல் எடுத்துத்தான் எங்கள் வீட்டில் எதையும் பேச வேண்டும். என் மகள் ஒன்றாம் வகுப்புப் போனதிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்துதான் பாடம் படித்தாள். புத்தகம் அவள் மடியில் இருக்கும். நான் ராட்டையைச் சுற்றிக்கொண்டே ஒரு வரி சொல்லுவேன். சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் அவள் அதைத் திருப்பிச் சொல்லுவாள். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

சபையிலும் அப்படித்தான். எங்கள் சபையில் சிறு பிள்ளைகள் வசனத்தை மனப்பாடமாய்ச் சொல்ல வேண்டும். என் மகள் மணியடித்த மாதிரி சொல்லுவாள். ஓரகத்தியின் மகளும் அதே வயது, அதே வகுப்பு. அது பாதி வசனத்தில் நின்று தாயின் முந்தானைக்குள் முகத்தை ஒளித்துக்கொள்ளும். அந்த நேரம் நான் தலையைக் குனிந்து ஜெபிக்கிற மாதிரி இருப்பேன். உள்ளே சர்க்கரை தின்கிற மாதிரி இருக்கும்.

ஏனென்றால் மற்ற எல்லாவற்றிலும் அவள் கைதான் மேலே. அவள் புருஷன், என் வீட்டுக்காரருக்கு அண்ணன், செய்யாரில் கம்பெனி வேலை. வாசலுக்கே பஸ் வரும். அவள் பெரணமல்லூரில் பன்னிரண்டாவது முடித்தவள். எனக்கென்று இருந்தது என் பிள்ளையின் வாய் ஒன்றுதான்.

மூன்றாம் வகுப்பில் முதலில் மாறியது பிள்ளையின் வயிறு. பள்ளிக்கூடம் திறந்து சில நாளிலேயே காலையில் வயிற்று வலி என்று சுருண்டு படுத்தாள். ஓமத்தண்ணீர் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலி வராது. இதைப் பார்த்தாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். எனக்குப் புரிந்தது வேறு. ஓரகத்திதான் கண் வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். விசுவாசி அப்படி நினைக்கக் கூடாது. நினைத்தேன்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து அவர்கள் எங்கள் வீட்டில் சாப்பிட்டார்கள். பாத்திரம் கழுவி வந்ததும் நான் மகளைக் கூப்பிட்டு, "பெரிம்மாவுக்குப் புதுப் புஸ்தகத்துல இருந்து படிச்சுக் காட்டுடி" என்றேன். அவள் வேண்டாம் என்றாள். விடவில்லை. புத்தகத்தை எடுத்து, நான் ராட்டையில் சொல்லிக் கொடுத்திருந்த ஆமைக் கதையை ராகமாய்ப் படித்தாள். ஒரு பக்கம் முடிந்தது, திருப்பினாள், மேலே படித்தாள். நான் ஓரகத்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் மகள், "சித்தி, இவ ரெண்டு தாளைச் சேத்துத் திருப்பிட்டா. ஆமை ஒட்டிகினு கீது உள்ள. இந்தப் பக்கத்துல ஆலமரந்தான் போட்டிருக்குது" என்றது.

சோற்றுப் பருக்கை பட்டு இரண்டு தாள் ஒட்டியிருந்தது. என் மகள் ஆலமரத்தைப் பார்த்துக்கொண்டே ஆமையைப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியவில்லை. இரண்டு வருடமாய் என் குரலைத்தான் படித்திருக்கிறாள்.

ஓரகத்தி தன் மகளின் தொடையில் தட்டி, "உன் வேலையப் பாரு. அவசரத்துல திருப்பிட்டா, அவ்ளோதான்" என்றாள். அவள் சிரித்திருந்தால் நான் சண்டை போட்டு ஆற்றிக்கொண்டிருப்பேன். அவள் எங்களுக்காகப் பரிந்து பேசினாளே, அதுதான் தாங்கவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மூன்றாம் வகுப்பு டீச்சர் சின்ன வயசு. என்னைக் கூப்பிட்டு அனுப்ப நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். "ரெண்டாவது வரைக்கும் பிள்ளைங்க படிக்கக் கத்துக்கிறாங்கம்மா. மூணாவதுல இருந்து படிச்சுத்தான் மத்த எல்லாம் கத்துக்கணும். கணக்குகூட கதை மாதிரி வரும். கூட்டல் தெரியும் உங்க பொண்ணுக்கு, ஆனா கூட்டச் சொல்றாங்கன்னு படிச்சாத்தானே தெரியும்? இந்த வயசுல பக்கத்துப் பிள்ளையோட தன்னை ஒப்பிட ஆரம்பிச்சுடுவாங்க. வெக்கம் வந்துடும், மறைப்பாங்க. அடிக்காதீங்க. இப்பவாவது தெரிஞ்சுதேன்னு வச்சுக்கோங்க."

இதை அப்படியே மற்றத் தாய்மார்களுக்கும் சொல்லுகிறேன். வயிற்று வலி, புத்தகத்தை மறைப்பது, "எனக்கு அப்பவே தெரியும்" என்று வீம்பு பேசுவது, இதெல்லாம் மூன்றாவதில் வரும். மக்கு ஆகவில்லை. பாடத்தின் வேகத்துக்குப் பிள்ளையின் பழைய சாமர்த்தியம் ஈடு கொடுக்கவில்லை.

அன்றைக்கே ராட்டையை ஓரம் வைத்துவிட்டுச் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தேன். என்ன ஆகும்? அவள் முதல் எழுத்தில் விரலை வைத்ததுமே என் வாய் முழு வார்த்தையையும் சொல்லிவிடும். அவள் அதைப் பிடித்துக்கொள்வாள். சொல்லாமல் இருந்தால் எனக்குக் கோபம் வரும். கத்துவேன். அவள் அழுவாள். தறியில் இருந்து அவர், "நீ வாய மூடினாத்தான் அவ கண்ணைத் தொறப்பா" என்றார்.

"நீங்க வந்து சொல்லிக் குடுங்களேன்."

"எனக்கு அந்த வாயே இல்லியேம்மா. கல்யாணத்தன்னிக்கே உங்கிட்ட குடுத்துட்டேன்."

விளைச்சலுக்கு நன்றி சொல்லிக் காணிக்கை படைக்கிற அறுப்பின் பண்டிகை வேறு வந்துகொண்டிருந்தது. எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டாம் வகுப்பு வரைதான் மனப்பாடம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அறுப்பின் பண்டிகை அன்று முதல் முறையாய்ப் பீடத்தின் முன் நின்று வேத பாடம் வாசிக்க வேண்டும். எந்தப் பகுதி என்று போதகர் அன்று காலையில்தான் சொல்லுவார். பிள்ளைக்கு உண்மையாய் வாசிக்கத் தெரியுமா என்று முழு சபைக்கும் தெரிந்துவிடும்.

சில நாள் கழித்து, சாயங்காலத்தில் மகள் காணாமல் போக ஆரம்பித்தாள். விளையாடப் போகிறாள் என்று இருந்தேன். ஒரு நாள் கொத்தமல்லி கேட்க அடுத்த வீட்டுக்குப் போனபோது ஜன்னல் வழியாய்ப் பார்த்தேன். ஓரகத்தி கீழே உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். என் மகள் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு வார்த்தையில் விரலை வைத்து நின்றிருந்தாள். ஓரகத்தி ஒன்றும் சொல்லவில்லை. காயை நறுக்கினாள். இன்னொரு காயை எடுத்து நார் உரித்தாள். அவ்வளவு நேரத்துக்குப் பிறகு என் பிள்ளை தானாகவே அந்த வார்த்தையைச் சொன்னாள். சொல்லிவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அதுவரைக்கும் எனக்கு மட்டும்தான் கிடைத்திருந்தது.

கொத்தமல்லி கேட்காமல் திரும்பிவிட்டேன். மகள் வீட்டுக்கு வந்ததும், "நாளைலேர்ந்து அங்க போவக் கூடாது" என்றேன்.

"ஏம்மா?"

"இங்க நான் இல்லியா சொல்லிக் குடுக்க?"

"பெரிம்மா சொல்லிக் குடுக்கறது இல்லம்மா. சும்மா இருப்பாங்க. நீ சும்மா இருக்க மாட்ட."

அன்றைக்கு ஜெபிக்க முழங்கால் போட்டேன். வாயில் வந்த ஜெபம் இதுதான்: ஆண்டவரே, என் பிள்ளை வாசிக்கட்டும், ஆனால் என்னால் வாசிக்கட்டும். சொன்ன பிறகு எனக்கே காதில் கேட்டது. பிள்ளைக்காகக் கேட்கிறேனா, எனக்காகக் கேட்கிறேனா? பின்பாதியை விட்டுவிட்டு முன்பாதியை மட்டும் மறுபடி சொன்னேன். மறுநாள் சாயங்காலம் நானே அவள் தலையைப் பின்னி, "போ. ஜல்தியா வா" என்று அனுப்பினேன்.

அனுப்பியதால் பொறாமை போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். தினமும் அவள் அந்த வாசற்படியில் ஏறும்போது என் கை ராட்டையை இழுத்துச் சுற்றும். தாரில் நூல் இறுகி, தறியில் போய் அறுந்துவிடும். "இன்னாம்மா இது, இன்னிக்கும் அறுத்துகினு போவுது?" என்று அவர் கேட்பார். பட்டு சரியில்லை என்பேன். அவருக்குத் தெரியும், பட்டு நன்றாகத்தான் இருந்தது.

பண்டிகை அன்று கோயில் முழுக்கப் பூசணிக்காயும் கரும்பும் கட்டிப்போட்ட சேவலும். ஓரகத்தியின் மகள் முதலில் வாசித்தாள். முந்தானையில் ஒளிந்த பிள்ளை தண்ணீர் ஓடுகிற மாதிரி வாசித்தாள். அடுத்து என் மகள். நாலு வரி நன்றாகப் போனது. ஐந்தாவதில் ஒரு நீள வார்த்தை. நின்றாள்.

எனக்கு அந்த வார்த்தை தெரியும். நாக்கு எழுந்துவிட்டது. முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டேன். சேவல் ஒன்று சிறகடித்தது. மகள் நிமிர்ந்து பெண்கள் பக்கம் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. ஓரகத்தியைப் பார்த்தாள். ஓரகத்தி தலையைக் குனிந்து தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவரைக்காய் நறுக்குகிற மாதிரியே. பிள்ளை விரலை வைத்தாள். எழுத்தெழுத்தாய்ச் சேர்த்து அந்த வார்த்தையைச் சொன்னாள். மீதியையும் முடித்தாள்.

நான் அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மா "ஸ்தோத்திரம்" என்று என் தோளைத் தட்டினார்கள். பாதிக் கண்ணீர் ஸ்தோத்திரம்தான். மறுபாதி எது என்று கர்த்தருக்குத் தெரியும்.

வெளியே காணிக்கையாய் வந்த காய்கறி ஏலம் நடக்கும்போது ஓரகத்தி பக்கத்தில் வந்து நின்றாள். "இன்னாடி, முந்தானைய முழுங்கிட்டியா?" என்றாள்.

"பாதிதான்க்கா."

"நான் எம் பொண்ணுக்கு மொதல்ல சொல்லிக் குடுக்கும்போது வாய்ல துண்டை வச்சு அடைச்சுகினேன். புடவை பாழாவும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொறாமை அப்பவும் பக்கத்திலேயேதான் நின்றது, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில்.

இப்போது சபையில் இந்தக் கதை வேறு மாதிரி உலாவுகிறது. தாய் உபவாசம் இருந்து ஜெபித்தாள், பொறுமையாய்ச் சொல்லிக் கொடுத்தாள், பிள்ளை வாசித்தது என்கிறார்கள். அப்படி நடக்கவில்லை. மூன்றாம் வகுப்புக்குப் பிள்ளையை அனுப்புகிற யாருக்காவது இதைச் சொல்லுவீர்களானால், நான் எழுதினபடியே சொல்லுங்கள். ஒட்டின தாளையும், அறுந்த நூலையும், என் ஜெபத்தின் பின்பாதியையும் விட்டுவிடாதீர்கள். சொல்லிக் கொடுத்தது நான் இல்லை, என் ஓரகத்தி. அவள் இதைப் படித்தால் படிக்கட்டும்.