கைலாசம் எழுதாத ஒரு வரி

கரையான் தின்ற காகிதத்தையும் இந்திராணி படித்துவிடுவாள். கரையான் வயிற்றுக்குள் போன எழுத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுவாள். இது அவளே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. சொல்லிவிட்டு, "கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன்" என்று சிரித்தும் விடுவாள். பிள்ளையார்பாளையத்தில் முப்பது வருஷம் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள். அவள் தெருவின் நெசவாளர் சங்கம் ஆண்டுக்கொரு மலர் போடும். அதில் அந்தக் காலத்து வைத்தியம் பற்றி எழுதுவது அவள் வேலை.

இந்த வருஷம் கைலாசத்தைப் பற்றி எழுதினாள். பட்டு நூலுக்குச் சாயம் போட்டவர். தெருவுக்கே கைவைத்தியமும் பார்த்தவர். போய்ச் சேர்ந்து நாற்பது வருஷம். அவருடைய நோட்டை அவர் பேத்தி துர்காதேவி செல்போனில் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். ஒரு பக்கத்தின் அடியில் 'முழங்கால் வீக்கத்துக்கு' என்று தலைப்பு. அடுத்த படத்தில், மயில்துத்தமும் கடுக்காய்த் தூளும் போட்டுப் பாதியாகச் சுண்டக் காய்ச்சச் சொல்லியிருந்தது. எவ்வளவு குடிப்பது என்பது மட்டும் இல்லை. பெரியவர் மறந்திருப்பார் என்று, 'காலையில் வெறும் வயிற்றில் ஒரு கரண்டி அருந்தவும்' என இந்திராணியே ஒரு வரி சேர்த்தாள். எல்லாவற்றையும் மேற்கோள் குறிக்குள் அடைத்து, கீழே கைலாசத்தின் பெயரையும் போட்டாள்.

மலர் வந்த ஐந்தாம் நாள் துர்காதேவி நோட்டையே கொண்டுவந்து காட்டினாள். இந்திராணி ஆசையாகப் பிரித்தாள். முழங்கால் தலைப்பு வந்தது. அதன் கீழே ஒன்றுமில்லை. தாளைத் திருப்பினால் எழுத்தெல்லாம் தலைகீழாக நின்றது.

கைலாசம் நோட்டின் முன்பக்கத்திலிருந்து மருந்து எழுதியிருக்கிறார். அதையே கவிழ்த்து, பின்பக்கத்திலிருந்து சாயக் குறிப்பு எழுதியிருக்கிறார். இரண்டும் நடுவில் முட்டிக்கொண்ட இடத்தில், முழங்கால் மருந்தை எழுதாமலே விட்டுவிட்டார். சாயக் குறிப்பின் தலைப்பு வேறு பக்கத்தில் இருந்தது. மயில்துத்தம் நூலில் சாயம் நிற்பதற்கு. குடித்தால் விஷம்.

"நீ அனுப்பின படத்துல எல்லாம் நேராத்தானே இருந்துது?"

"நான்தான் டீச்சர் தலைகீழா இருந்த படத்தை நேராத் திருப்பி அனுப்பினேன். நீங்க கழுத்தைச் சாய்ச்சிக்கினு படிக்க வேணாம்னு." துர்காதேவியின் குரல் உள்ளே போயிற்று.

இந்திராணிக்கு அப்பாதுரையின் நினைவு வந்தது. தாமல்காரர், தறிக்குழியில் கால் மிதித்தே முட்டி வீங்கியவர். மலர் வெளியீட்டில் அவளைக் கும்பிட்டு, மறுநாளே காய்ச்சிக் குடிக்கப்போவதாகச் சொன்னவர். அவருக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

நோட்டையும் துர்காதேவியையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோவில் தாமலுக்குக் கிளம்பினாள். வழியெல்லாம் தனக்குத்தானே கதை சொல்லிக்கொண்டாள். மனுஷருக்குச் சோம்பல், அடுப்பே பற்றவைத்திருக்க மாட்டார். கடையில் மயில்துத்தம் தீர்ந்திருக்கும். ஊரையே நம்பவைத்த வாய்தான். அன்றைக்கு அவளையே நம்பவைக்க முடியவில்லை.

அப்பாதுரை கட்டிலில் சுருண்டு கிடந்தார். அவர் மனைவி அங்கம்மாள்தான் சொன்னாள். ஒரு கரண்டி உள்ளே போனதும் பச்சையாக வாந்தி. மூன்று நாள் ஆஸ்பத்திரி. அன்று காலைதான் வீட்டுக்கு விட்டார்கள். சிறுநீரகம் தப்பித்ததா என்று பார்க்க வாராவாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

டீச்சர் வந்திருப்பதைப் பார்த்து அவர் எழுந்து உட்கார முயன்றார்.

"கைலாசம் ஐயா சொன்னது தப்பாவுமா டீச்சர்? நான்தான் கரண்டியைப் பெருசா எடுத்துட்டேன்."

அந்தக் கரண்டி யாருடையது என்று இந்திராணிக்குத் தெரியும். துர்காதேவிக்கும் தெரியும். அவள் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு தரையையே பார்த்தாள்.

மற்ற வீடுகளுக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்றாள் இந்திராணி. சங்கத்து வாட்ஸ்அப்பில் போடுவதற்குக் கைப்பையிலிருந்து தாளை எடுத்து எழுதினாள். எழுதியதை வாசித்தும் காட்டினாள்: மலரில் அச்சுப்பிழை நேர்ந்துவிட்டது, முழங்கால் மருந்தை யாரும் குடிக்க வேண்டாம்.

அங்கம்மாள் துர்காதேவியின் மடியிலிருந்த நோட்டை எடுத்தாள். மலரைப் புருஷனுக்குப் படித்துக் காட்டியவளே அவள்தான். முழங்கால் தலைப்பைத் தேடிப் பிடித்து, அதன் கீழே இருந்த வெறும் தாளில் விரலை ஓட்டினாள். தாளைத் திருப்பினாள், நோட்டைக் கவிழ்த்தாள், அதையும் கடைசி வரை படித்தாள்.

"இதுல கரண்டி எங்க இருக்குது? அச்சு போட்டவன் இன்னா பண்ணான்? கைலாசம் எழுதல, நான் எழுதினேன்னு போடு டீச்சர்."