வீல்சேர் கேட்டு வாங்கிய டிக்கெட்

வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு இரண்டாவது பிரசவம். ஆபரேஷன் என்று நாள் குறித்துவிட்டார்கள். அன்று காலையில் மருமகன் மருத்துவமனையில் இருக்க வேண்டும்; மூத்த குழந்தையைப் பார்த்துக்கொள்ள அந்த ஊரில் அவர்களுக்கு ஒருவரும் இல்லை. எனக்கு விசா தாமதமாக வந்ததால், முந்தின நாள் சாயங்காலம் போய் இறங்குகிற மாதிரிதான் டிக்கெட் கிடைத்தது. நடுவில் வளைகுடா நாட்டில் விமானம் மாற வேண்டும். அதற்கு ஒன்றரை மணி நேரம். தவறவிட்டால் அடுத்த விமானம் மறுநாள்தான்.

சென்னை மேனாம்பேட்டில் எங்கள் எதிர் வீட்டு அக்காவிடம் இதைச் சொன்னேன்.

"இன்னாத்துக்குப் பயப்புட்றே? டிக்கெட்ல வீல்சேர்னு போடச் சொல்லு. அவனே தள்ளிகினு போயி ஏத்தி உட்ருவான். என் மச்சினி மூணு தபா அப்டிதான் போய்கினு வந்துச்சு."

"எனக்குக் கால் நல்லாத்தானேக்கா இருக்கு."

"கால் நல்லா கீது. வாய்ல இங்கிலீஷ் கீதா? வாய்க்கு அவன் வண்டி குடுக்க மாட்டான். காலுக்குத்தான் குடுப்பான்."

மகளும் அதையே சொன்னாள். டிக்கெட்டில் அப்படியே போட்டுவிட்டாள்.

நான் எங்கள் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு துணி எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். காலையிலிருந்து மாலைவரை நின்றபடியே வேலை. வீட்டிலிருந்து போக வர நடைதான். அப்படிப்பட்டவள் சென்னை விமான நிலையத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது, தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

சென்னையிலேயே விமானம் தாமதமாகக் கிளம்பியது. வளைகுடாவில் இறங்கியபோது ஒன்றரை மணி நேரத்தில் பாதி போய்விட்டது. விமான வாசலில் காத்திருந்த பையன்கள் வீல்சேர் கேட்டிருந்த எங்களைத் தள்ளிக்கொண்டு போய், ஓர் ஓரத்தில் வரிசையாக இருந்த இருக்கைகளில் மாற்றி உட்கார வைத்தார்கள். கையால் 'இருங்கள்' என்று காட்டிவிட்டு, வண்டிகளை எடுத்துக்கொண்டு வேறு ஆட்களை அழைத்துவரப் போனார்கள். அங்கே ஒரே ஒரு காலி வண்டிதான் நின்றது. மேசையில் ஒரு பெண் போனில் பேசிக்கொண்டே இருந்தாள்.

எதிரில் இருந்த திரையில் எங்கள் விமானத்தின் எண்ணுக்கு நேரே ஏதோ மின்னிக்கொண்டிருந்தது. பையன்கள் வரவில்லை. எழுந்து போய்க் கேட்கலாம். என்னவென்று கேட்பது? எழுந்தால், நடக்க முடிந்தவள் பொய் சொல்லி வந்திருக்கிறாள் என்று பிடித்துக்கொள்வார்களோ? பாஸ்போர்ட்டைத் திறந்து திறந்து மூடினேன். அங்கே மகள் மருத்துவமனைக்குப் பையைக் கட்டி வைத்திருப்பாள்.

"நீங்களும் அந்த பிளைட்டுதானேம்மா?"

பக்கத்து இருக்கைப் பெரியவர். சென்னையிலிருந்து கூடவே வந்தவர். ஆவடி ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். வலது கால் மரக்கட்டை போல நீட்டிக்கொண்டிருந்தது.

"ஆமா சார்."

"கேட்டை மூடப் போறேன்னு போட்டிருக்கான். இவனுங்க வர மாட்டானுங்க." பிறகு என் பாதத்தைப் பார்த்தார். "உங்க செருப்புல குதிகால் பக்கம் பூரா தேஞ்சிருக்கு. உட்கார்ந்தே இருக்கிறவங்க செருப்பு இப்படித் தேயாதே."

காலை இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

"எனக்கு வாதம் வந்த கால். நெஜம். எழுந்து அந்த வண்டியைக் கொண்டாங்கம்மா. வெக்கத்தை அப்புறம் பட்டுக்கலாம்."

எழுந்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. வண்டியைக் கொண்டுவந்து அவரைத் தோளோடு தாங்கி உட்கார வைத்தேன். தள்ளினால் நகரவில்லை.

"பிரேக்கை எடுக்காம தள்ளினா? கைப்பிடி கிட்ட பாருங்க."

எடுத்துவிட்டுத் தள்ளினேன். பின்னாலிருந்து அந்த மேசைப் பெண் ஏதோ கத்தினாள். அவர் திரும்பாமலே ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார்.

"என்ன சார் சொல்றாங்க?"

"உட்காரச் சொல்றா. நீங்க தள்ளுங்க."

அவர் பலகைகளைப் படித்து இடது, வலது என்றார். லிஃப்ட் வர நேரமானது. அவர் கதவைப் பார்த்துக்கொண்டே, "நம்ம ஊர் பஸ்ஸே தேவலை. ஓடிப்போய்த் தொத்திக்கலாம்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கீழே இறங்கியதும் கடைகள், கடைகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிற கூட்டம். விலகுங்கள் என்று என்னால் எந்த மொழியிலும் சொல்ல முடியாது. அவர்தான் கையை நீட்டிச் சத்தம் போட்டார். நான் ஓடினேன். புடவை காலில் சிக்கியது. ஒரு கையால் தூக்கிச் செருகிக்கொண்டு மறுபடி ஓடினேன்.

வாயிலில் பயணிகள் ஒருவரும் இல்லை. ஒரு பெண் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். பெரியவர் குரல் கொடுத்ததும் நிறுத்தினாள். அவர் சீட்டைப் பார்த்தாள். என்னுடையதை வாங்கிக் கணினியில் பார்த்தாள். பிறகு என் கால்களைப் பார்த்தாள். நான் மூச்சு வாங்கியபடி நின்றேன். அவள் மறுபடி கணினியைப் பார்த்தாள்.

பெரியவர் ஏதோ சொன்னார். நீளமாகச் சொன்னார். அவள் முகம் மாறவில்லை. கயிற்றை மட்டும் அவிழ்த்தாள்.

உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது, "என்ன சார் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"உள்ளதைத்தான். இவங்களுக்கு இங்கிலீஷ் வராது, நாளைக்குப் பொண்ணுக்கு ஆபரேஷன்னு. பிளைட்ல வரும்போது பக்கத்து சீட்டு அம்மாகிட்ட நீங்க சொல்லிக்கிட்டிருந்தது முன்னால இருந்த எனக்கும் கேட்டுது."

விமானத்து வாசலில் அவரை வேறு ஆட்கள் வாங்கிக்கொண்டார்கள். எனக்குப் பின்னால் கடைசி வரிசையில் இடம். நன்றி சொல்லலாம் என்று திரும்பினேன். அதற்குள் அவரை முன்பக்கம் உட்கார வைத்துத் திரையை இழுத்துவிட்டார்கள். அவசரத்தில் எனக்குப் பெல்ட்டை மாட்ட வரவில்லை. பக்கத்தில் இருந்தவர் போட்டுவிட்டார்.

போனில் மகளிடமிருந்து வரிசையாகச் செய்திகள் வந்திருந்தன. கடைசிச் செய்தியில், "வீல்சேர் வந்துச்சாம்மா?" என்று கேட்டிருந்தாள்.

"வந்துச்சு. ஏறிட்டேன். நீ தூங்கு" என்று அனுப்பினேன்.