குளிர் புகாத வண்டி

இங்கே எழுதியவை யாவும் நான் என் கண்ணால் கண்டவை. அல்லது என் தங்கை தன் தோழிக்கு எழுதி, அத்தோழி பிற்காலத்தில் என்னிடம் தந்த மடலில் உள்ளவை. இவ்விரண்டிலும் இல்லாதவற்றை விலக்கிவிட்டேன். உறவினர் வாயில் இந்நிகழ்ச்சி பல வடிவம் எடுத்துவிட்டது. ஒரு வடிவத்தில் நான் தங்கைக்காக உருகிய அண்ணன். இன்னொன்றில் அவள் சொல்பேச்சுக் கேளாத நோயாளி. இரண்டும் என் செவிக்கு இனியவை. இரண்டையும் மெய்ப்பிக்க இயலாமையால் இரண்டும் இங்கே இல்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் அவளுக்குக் காசநோய் கண்டிருந்தது. ஓராண்டு ஊசியும் மாத்திரையுமாகக் கழிந்தபின் இருமல் தணிந்தது; உடல் மட்டும் தேறவில்லை. சிங்கப்பூரில் டோபி காட் அருகே மருத்துவம் பார்த்துவந்த முதியவர், குளிர்ந்த மலைக்காற்றை ஒரு மாதம் சுவாசித்தால் நுரையீரலுக்கு நல்லது என்றார். கேமரன் மலையிலிருந்த விடுதிகளுக்கு நான் மடல் எழுதினேன். நோயை மறைக்காமல் எழுதினேன். இரண்டு விடுதிகள் மறுத்தன. மூன்றாவது விடை எழுதவேயில்லை. அப்போதுதான் அவள் கணவர், தாம் ஓட்டிவந்த பழைய ரொட்டி வேனையே படுக்கை வண்டியாக மாற்றிவிடலாம் என்றார். ரொட்டிக்கடை முதலாளி புதிது வாங்கியிருந்தமையால் பழையது தங்கை கணவரிடமே வந்து சேர்ந்திருந்தது.

சிராங்கூன் சாலைக்குப் பின்புறத்துச் சந்தில் வண்டியை நிறுத்தி, பல ஞாயிற்றுக்கிழமைகள் வேலை செய்தோம். எங்கள் மூவரில் ஒருவரும் அதுவரை குளிரை அறிந்ததில்லை. நான் அதை மழையைப் போல எண்ணியிருந்தேன்: வெளியே இருப்பது, இடுக்கு வழியே உள்ளே நுழைவது, அடைத்தால் நின்றுவிடுவது. ஆகவே அடைத்தேன். உட்புறத் தகரத்தின்மேல் மைதாப் பசை தடவிப் பழைய செய்தித்தாள்களை நான்கு அடுக்காக ஒட்டினேன். அதன்மேல் சாக்கு, சாக்கின்மேல் மெத்தைக்காரரிடம் அளவு கொடுத்துத் தைத்த இலவம்பஞ்சுத் திண்டுகள். ஓட்டுநர் இருக்கைக்கும் பின்புறத்துக்கும் நடுவிலிருந்த பலகைத் தடுப்புக்கும் அவ்வாறே செய்தேன். பின்கதவின் விளிம்பெங்கும் மிதிவண்டி டியூபைக் கீறி ஆணியடித்தேன்.

எஞ்சியவை கூரையிலிருந்த இரண்டு வட்டத் துளைகள். பஞ்சை எடுத்துக்கொண்டு நான் ஏணியில் ஏறியபோது அவள் கணவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

“மச்சான், அத அடைக்காதீங்க லா. சூடு ரொட்டிய ஏத்திட்டு அந்த ஓட்டைய மூடினா, கேலாங் போய்ச் சேர்றதுக்குள்ள அம்புட்டு ரொட்டியும் நமத்துப் போயிடும்.”

“உள்ளே படுக்கப்போறது ரொட்டியா, என் தங்கச்சியா?”

“ரொட்டியாச்சும் மூச்சு விடாது, மச்சான். இவ விடுவாளே.”

முக்காலியில் அமர்ந்திருந்த என் தங்கை சிரித்தாள். “ரெண்டு பேருமாச் சேந்து என்னை வேக வெக்காம இருந்தாச் சரி.”

அவர் நான்காம் வகுப்போடு நின்றவர், நான் பள்ளியாசிரியன். இதைத் தவிர வேறு வாதம் என்னிடம் இல்லை. அதையும் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. துளைகளில் பஞ்சைத் திணித்து மேலே தார் பூசினேன். அவர் வண்டியை ஒருமுறை சுற்றிவந்து, “வேனா இது? ஊறுகாய் ஜாடி லா,” என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனார்.

ஒரு செய்தியில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கரியடுப்பை உள்ளே வைக்கக்கூடாது என்றார். அதை நான் ஏற்றுக்கொண்டேன். அதற்கு மாற்றாகச் சோடாப் புட்டிகளில் வெந்நீர் நிரப்பி, பழைய சாரத் துணிகளில் சுற்றிக் காலடியில் வைப்பதென்று முடிவாயிற்று.

உட்லண்ட்ஸ் கடந்து, எல்லைப் பாலம் கடந்து, இரண்டாம் நாள் மாலை மலையை அடைந்தோம். அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து மேலே ஏறும் சாலை நெடுகிலும் அவள் முன்னிருக்கையில் அமர்ந்து கையை வெளியே நீட்டிக்கொண்டே வந்தாள். தேயிலைத் தோட்டம் ஒன்றின் ஓரத்தில் இசைவு பெற்று வண்டியை நிறுத்தினோம். இறங்கியதும் அவள் வாயைத் திறந்து மூச்சை ஊதினாள்.

“அண்ணே, பாருங்க, புகை விடறேன்!”

“போதும். உள்ளே போ.”

“குளிரத்தானே வந்தோம், அண்ணே. கொஞ்சம் குளிரட்டுமே.”

நோயாளியின் பேச்சுக்கு இடங்கொடுக்கலாகாது என்றேன். அவளும் கணவரும் பின்புறம் ஏறினர். ரொட்டி வேனாகையால் கதவின் கைப்பிடி வெளியே மட்டுமே இருந்தது. நானே கதவைச் சாத்தினேன். டியூப் நன்றாக இறுகியதைக் கையால் தடவிப் பார்த்து மகிழ்ந்தேன். ஏதேனும் வேண்டுமென்றால் தடுப்பைத் தட்டும்படி சொல்லிவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் கம்பளியோடு படுத்தேன்.

அடுத்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சிறிது நேரத்தில் முன்புறம் எனக்குப் புழுங்கியது. என் பக்கத்துக் கண்ணாடியை இரண்டு விரற்கிடை இறக்கினேன். குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது. நன்றாக உறங்கிவிட்டேன்.

காலையில் பின்கதவைத் திறந்தபோது வெதுவெதுப்பான ஆவி முகத்தில் மோதியது. கூரையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. செய்தித்தாள் ஊறி, தகரத்தைவிட்டு வயிறு தள்ளித் தொங்கியது. திண்டுகளைத் தொட்டால் பஞ்சிலிருந்து நீர் வழிந்தது. அவர்கள் விட்ட மூச்செல்லாம் குளிர்ந்த தகரத்தில் நீராகி, அவர்கள்மீதே இறங்கியிருக்கிறது. அவளுடைய தலையணையும் கம்பளியும் நனைந்திருந்தன. அவள் பற்கள் தந்தியடித்தன. கணவர் தம் சட்டையைக் கழற்றி அவள் தோளில் போர்த்திப் பிடித்திருந்தார்.

கொழுந்துக் கூடையோடு அவ்வழியே வந்த தோட்டத்துப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

“என்னாங்க இது, ஆள உள்ள வெச்சு இப்படியா அடைப்பாங்க? எங்க லயத்து வீட்டுலயும் குளிருதான். அதுக்குன்னு சன்னல மூடிருவமா? ஈரக் கம்பளியில படுத்தா எலும்பு வரைக்கும் ஏறிடுமே!”

“ஊருக்குப் புதுசுங்க நாங்க,” என்றார் அவள் கணவர். அடைத்தவன் நான் என்று காட்டிக்கொடுக்கவில்லை, நாங்கள் என்றார்.

பிறகு கூரைமேல் ஏறித் திருப்புளியால் தாரைக் குத்திப் பஞ்சைப் பிடுங்கி எறிந்தார். ஆனால் மூடுபனியில் எதுவும் உலரவில்லை. மறுநாள் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு மாதம் தங்கச் சென்ற நாங்கள் ஐந்தாம் நாள் திரும்பினோம். மலைக்காற்றுக்காக அத்தனை தொலைவு அழைத்துச் சென்று, அந்தக் காற்று அவளைத் தீண்டாதபடி காவல் காத்தவன் நான்.

தோழிக்கு அவள் எழுதிய மடலில் என்மீது குறை ஒன்றும் இல்லை. “வண்டிக்குள்ளே சிங்கப்பூரே எங்களோடு வந்துவிட்டது. வெளியே ஐந்து நிமிடம் நின்றேன். அது மிக நன்றாக இருந்தது” என்று மட்டும் எழுதியிருக்கிறாள்.

திரும்பியபின் எடுத்த எக்ஸ்ரே படத்தில் நிழல் பெரிதாகியிருந்தது. மருத்துவமனையில் சேர்த்தோம். இரண்டாம் ஆண்டில் இறந்தாள். துக்க வீட்டில் யாரோ மலைப்பயணத்தைப் பற்றிக் கேட்டபோது, “மச்சான் நல்லதுக்குத்தான் செஞ்சாரு” என்றார் அவள் கணவர். கன்னத்தில் அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன். இன்றும் வழியில் கண்டால் நின்று நலம் விசாரிக்கிறார். நான் கண்ணாடியை இறக்கியது அவருக்குத் தெரியாது.

அந்த ஓர் இரவினால் நோய் முற்றியதா, எப்படியும் முற்றியிருக்குமா என்பது எனக்குத் தெரியாது. மருத்துவரைக் கேட்டிருக்கலாம், அவர் உயிரோடிருந்தவரை நான் கேட்கவில்லை. அன்றிரவு அவர்கள், நான் பஞ்சுத் திண்டு வைத்து மூடிய அந்தத் தடுப்பைத் தட்டினார்களா என்பதும் தெரியாது. அவள் மடலில் அதைப்பற்றி ஒன்றுமில்லை. அவள் கணவரிடம் நான் கேட்டதில்லை.