அவளே ஊற்றிக்கொண்ட பால்

வேலப்பன்சாவடி பேருந்து நிறுத்தத்தின் பின்சுவரில் அந்தச் சுவரொட்டி இரண்டு நாட்களாக இருந்தது. இரண்டு நாளும் அதன் எதிரில் நின்றுதான் பேருந்துக்குக் காத்திருந்தேன். கண்ணீர் அஞ்சலி. ஒரு பெண்ணின் முகம். யாரோ என்று நினைத்தேன். மூன்றாம் நாள் பேருந்து தாமதமானதால் பெயரைப் படித்தேன். தேசம்மா.

ஏழு வருடம் ஒரே அறையில் அவளோடு இருந்தவள் நான். முகம் அடையாளம் தெரியவில்லை.

ஸ்டுடியோவில் கொடுத்து முகத்தை ஒரே நிறமாக்கியிருந்தார்கள். ஆகவே முதலில் இதை எழுதி வைக்கிறேன். இடது புருவத்தில் பாதி வெள்ளை. உதட்டின் இரு ஓரமும் வெள்ளை. கழுத்தில் ஓர் உள்ளங்கை அளவு. வலது கை, மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை, உறை மாட்டியதுபோல முழு வெள்ளை. இதுதான் தேசம்மா. சுவரில் இருந்தவளை எனக்குத் தெரியாது. உயிரோடு இருந்தபோது அவளைத் தொடத் தயங்கியவர்கள், படத்தைத் தாராளமாகத் தொட்டிருக்கிறார்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனியில் அவள் பதினான்கு வருடம் வேலை பார்த்தாள். அங்கே அவளோடு இருந்த நீங்கள்தான் உங்கள் தொழிற்சங்க இதழுக்கு எழுதக் கேட்டீர்கள். "நல்லதா நாலு வரி" என்றீர்கள். நாலு வரியில் முடியாது. நல்லதாக இருக்கும் என்றும் நான் சொல்லவில்லை. இரங்கல் என்றால் 'அவர்' என்று எழுத வேண்டும். அதைப் படித்தால் அவளுக்குச் சிரிப்பு வரும். அவள் என்றே எழுதுகிறேன்.

அவள் வீடு பாரிவாக்கம். தங்கை வசந்தாவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அவள் அம்மா சொன்னாராம்: "ஒரு பத்து நாளு எங்கியாச்சும் இருந்துட்டு வா தேசு." அந்தப் பத்து நாளுக்காக எடுத்த வாடகை அறை அது. வீட்டின் பின்பக்கம், ஒரு ஜன்னல், ஒரு திரி ஸ்டவ். நான் அப்போது பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவி. பகிர்ந்துகொள்ள ஓர் அறை தேடி அங்கே போனேன். கதவைத் திறந்தவள் முதலில் வலது கையை நீட்டிக் காட்டினாள்.

"பாத்துக்கோ. அப்பால தெரியாதுன்னு சொல்லாத."

பாலும் கறியும் சேர்த்துச் சாப்பிட்டால் வெண்குஷ்டம் வரும் என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மீன் குழம்பு சாப்பிட்ட இலையில் மோர் ஊற்ற மாட்டோம். தேசம்மா சிறுவயதில் எதையோ கலந்து தின்றிருக்கிறாள் என்று ஊரும் வீடும் முடிவு செய்திருந்தன. அது குஷ்டம் இல்லை. ஒட்டாது. உணவால் வருவதும் இல்லை. இதை நூலக மேசையில் உட்கார்ந்து ஒரு மருத்துவப் புத்தகத்தில் படித்தேன். திரும்பி வந்து அறையில் என் தம்ளரைத் தனியாக எடுத்து வைத்தேன். இரண்டையும் செய்தது நான்தான்.

ஒரு நாள் பூந்தமல்லி மளிகைக் கடையிலிருந்து ஒரு பாக்கெட் மக்ரோனி வாங்கி வந்தாள். சின்னச் சின்னக் குழாயாக இருந்தது பிடித்துவிட்டதாம். பாக்கெட்டின் பின்னால் ஆங்கிலத்தில் சமையல் குறிப்பு.

"இன்னா டீச்சரு, படி. இன்னா போட்டுகீறான்?"

கோழி என்று படித்தேன். வெங்காயம், பூண்டு, மிளகு. எல்லாம் ஒரே பாத்திரத்தில். எங்களிடம் இருந்ததும் ஒரே பாத்திரம்தான், அடி கனமான அகல அலுமினியச் சட்டி. கடைசியில் கிரீம் என்று இருந்தது.

"கிரீமா?"

"ஆமா, கிரீம்."

அவள் பெட்டியைத் திறந்து ஒரு டியூபை எடுத்தாள். டாக்டர்கள் எழுதிக் கொடுத்து அவள் பூசிவந்த களிம்பு. காலி டியூப்கள் இன்னும் நான்கைந்து கிடந்தன.

"ஆறு வருசமா இத்த மூஞ்சில பூசிகினு கீறேன். ஒண்ணும் நடக்கல. துன்னணும்னு ஒருத்தனும் சொல்லல பாரு."

சிரித்து முடிய நேரம் ஆனது. சமையலுக்கான கிரீம் என்றால் பாலாடை மாதிரி என்று சொன்னேன். அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

"பாலா? கோயிலயா?"

கோழியை அவள் கோயி என்றுதான் சொல்வாள். அவள் சட்டியைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"வரவேண்டியது வந்துடுச்சி. இனிமே இன்னா வரும்?"

மறுநாள் புதன்கிழமை. வேலை முடிந்து ஆறரைக்கு வந்து, முகம் கழுவாமல் ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். எண்ணெயில் வெங்காயம், பூண்டு. கோழித் துண்டுகள் நிறம் மாறும்வரை வதக்கல். தக்காளி. தண்ணீர் கொதித்ததும் அதே சட்டியில் மக்ரோனி. தண்ணீர் வற்றும் நேரத்தில் அரை லிட்டர் பாலைச் சுண்டக் காய்ச்சியதை ஆடையோடு ஊற்றினாள். தக்காளிப் புளிப்பில் பால் திரிந்தது. திரிந்ததையே சாப்பிட்டாள். எனக்கும் ஒரு தட்டில் போட்டாள். பல்கலைக்கழகத்திலேயே சாப்பிட்டுவிட்டேன் என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் என் தட்டை எடுத்துத் தன் தட்டில் கவிழ்த்துக்கொண்டாள். படித்தது எதுவும் என் கைக்கு வந்து சேரவில்லை.

அடுத்த புதன் தக்காளி இல்லை. மிளகு மட்டும். சட்டியை இறக்கிக் கீழே வைத்த பிறகு பாலை ஊற்றினாள். திரியவில்லை. குழைந்து, கெட்டியாக, வெள்ளையாக வந்தது. கரண்டியால் ஒரு துண்டைத் தூக்கிக் காட்டினாள்.

"கோயிக்கும் வந்துடுச்சி பாரு."

வீட்டுக்காரம்மா வாசனை பிடித்து வாசலில் வந்து நின்று, தட்டிலிருந்த மக்ரோனிக் குழாய்களைப் பார்த்தார்.

"இன்னாமே, கொயாவ வெட்டிப் போட்டு ஆக்கினு கீற? தெருக்கொயாவுல தண்ணி வர்லன்னு கோவமா?" பிறகு சட்டியை எட்டிப் பார்த்தார். "ஐய, பாலா ஊத்தின? இப்பிடித் துன்னா சீக்கிரம் உனக்குப் பாலு ஊத்திடுவாங்கோ."

"அவங்கோ வந்து ஊத்தறதுக்குள்ள நானே ஊத்திக்கிறேன், போம்மா."

வீட்டுக்காரம்மா என் பக்கம் திரும்பினார். "பாப்பா, நீ கல்யாணம் ஆவ வேண்டிய பொண்ணு. இவ கையால துன்னாத."

தட்டை இழுத்துச் சாப்பிட ஆரம்பித்தேன். அன்பினால் இல்லை. கோபத்தில். அந்த அம்மாவின் மேல் கோபம், அதைவிட அவர் சொன்னதையே போன வாரம் நான் செய்தேன் என்ற கோபம். தேசம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

"கோவத்துல துன்னா நெறைய எறங்கும். துன்னு."

அதன் பிறகு எல்லாப் புதனும் அதுதான். ஏன் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம் என்று ஒருமுறை கேட்டேன். "ஞாயித்துக்கெயம ஆக்குனா எல்லார் ஊட்டு வாசனையோட கலந்துடும். பொதங்கெயம ஆக்குனா இது என் ஊட்டுதுன்னு தெரியும்" என்றாள். அதற்காகவே கதவைத் திறந்து வைத்துச் சமைப்பாள்.

மீந்தது மறுநாள், வியாழக்கிழமை, உங்கள் கேன்டீனுக்கு வந்தது. உங்களுக்கு நினைவிருக்கும். பெஞ்சில் அவளுக்கு இரண்டு பக்கமும் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாக விடுவீர்கள். அவள் டப்பாவைத் திறந்து நடுவில் வைத்து "எடுத்துக்கோங்கோ" என்பாள். ஒவ்வொரு வியாழனும் சொன்னாள். ஒவ்வொரு வியாழனும் டப்பா அப்படியே திரும்பியது. ஒரே ஒருமுறை யாரோ ஒருவர் ஒரு துண்டு எடுத்துக்கொண்டதாக என்னிடம் சொன்னாள். பெயர் சொல்லவில்லை. உங்களில் அவர் இருப்பார். அவருக்கு என் நன்றி. மற்றவர்களுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. இதைப் படியுங்கள்.

வசந்தாவின் கல்யாணமும் ஒரு புதன்கிழமை நடந்தது. முந்தின நாள் அம்மா வந்திருந்தார். உட்காரவில்லை. "சாயங்காலமா வா தேசு. கூட்டம் போனப்பறம்."

"பொதங்கெயம சாயங்காலம் எனக்கு வேல கீதும்மா."

மறுநாள் வேலைக்குப் போய்விட்டு, வழக்கம்போல ஆறரைக்கு வந்து ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். அடுப்பிலிருந்து சட்டியை இறக்காமல் பாலை ஊற்றினாள். திரிந்துவிட்டது. அந்த முதல் நாளுக்குப் பிறகு திரிந்தது அன்று ஒருமுறைதான். அந்தப் பத்து நாள் அதோடு முடிந்திருக்க வேண்டும். யாரும் அவளைத் திரும்பக் கூப்பிடவில்லை. அவளும் கேட்கவில்லை.

மூன்று வருடம் முன்பு எனக்கு வேலை கிடைத்து வானகரம் போனேன். முடிந்தபோதெல்லாம் புதன்கிழமைகளில் வந்தேன். கடைசி இரண்டு புதன்கள் வரவில்லை. விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

சுவரொட்டியைப் படித்த அன்று நேராக அந்த வீட்டுக்குப் போனேன். மஞ்சள் காமாலை, நான்கு நாள் என்றார் வீட்டுக்காரம்மா. பாரிவாக்கத்தில் அடக்கம் செய்து, மறுநாள் பாலும் ஊற்றிவிட்டார்களாம்.

"நான் அப்பவே சொன்னேன் பாப்பா. பாலும் கறியும். சும்மா வுடுமா?"

அந்த மாதம் அந்தத் தெருவில் இன்னும் நான்கு வீடுகளில் காமாலை. அந்த நான்கு வீட்டிலும் யாரும் கோழியில் பால் ஊற்றியதில்லை. எல்லோரும் குடித்தது ஒரே தெருக்குழாயின் தண்ணீர். இதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் குழாய் இருக்கும் பக்கம் பார்த்தார். பிறகு உள்ளே போய்ச் சட்டியை எடுத்து வந்து தரையில் வைத்தார்.

"அவங்க ஊட்டு ஆளுங்கோ துணி, பொட்டி எல்லாம் எடுத்துனு போய்ட்டாங்கோ. இத்த வேணான்னுட்டாங்கோ. நீ எடுத்துனு போ."

பதினாறாம் நாள் வானகரத்தில் அந்தச் சட்டியில் சமைத்தேன். துணியில் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் பாரிவாக்கம் போனேன். காரியம் முடிந்து படையல் போட்டிருந்தார்கள். ஒரே நிறமுள்ள முகத்துக்கு மாலை. அதன் முன்னால் இலை. இலையில் அவளுக்குப் பிடித்தவை: கோழிக் குழம்பும், சின்ன வயதில் அடம்பிடித்துக் கேட்பாள் என்று சேமியா பாயசமும். இரண்டுக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி.

நான் துணியை அவிழ்த்ததும் அவள் பெரியப்பா எழுந்தார். "இன்னாம்மா இது? பாலும் கறியும் ஒண்ணா கலந்து படையல்ல வெக்கறதா? அவ பட்டது போதாதா?"

"கோழி இலையில இருக்கு. பாலும் சேமியாவும் இலையில இருக்கு. நான் ஒரே சட்டியில எடுத்துட்டு வந்திருக்கேன். அவ்வளவுதான்."

வசந்தா குனிந்து இலையைச் சற்று நகர்த்தினாள். ஒரு சட்டிக்கு இடம் வந்தது. வைத்தேன்.

கற்பூரம் அணைந்தபின் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். குழம்பு தீர்ந்தது. பாயசம் தீர்ந்தது. சட்டியில் யாரும் கை வைக்கவில்லை. அந்தப் படத்தின் எதிரில் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க, நான் அதிலிருந்து போட்டுச் சாப்பிட்டேன். இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டேன். கோபத்தைப் பற்றி அவள் சொன்னது சரிதான்.

பேருந்து நிறுத்தம்வரை வசந்தா கூடவே வந்தாள்.

"அந்தச் சட்டிய குடுத்துட்டுப் போயேன். அக்காதுன்னு எங்கிட்ட வேற ஒண்ணும் இல்ல."

சட்டியில் இன்னும் கொஞ்சம் இருந்தது. "ஒரு வாய் சாப்பிடு. கொடுக்கிறேன்."

அவள் கையை நீட்டினாள். பிறகு அதே கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். "மூணாவது. அஞ்சு மாசம். அதான்..."

"குழந்தைக்கு ஒண்ணும் வராது."

"தெரியும்" என்றாள். கை அங்கேயே இருந்தது. எனக்கு என் பழைய தம்ளர் நினைவுக்கு வந்தது. ஆனாலும் சட்டியைக் கொடுக்கவில்லை. "புதன்கிழமை வா" என்றேன். பேருந்து வந்துவிட்டது.

தேசம்மாவிடமிருந்து என்னிடம் இருப்பவை இவை. ஒரு பக்கம் நசுங்கிய அலுமினியச் சட்டி. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் பால் என்ற ஒழுங்கு. புதன்கிழமை. ஆறரைக்கு ஸ்டவ்வைப் பற்றவைக்கிறேன். கதவைத் திறந்து வைக்கிறேன். வானகரத்தில் எங்கள் தெருவில் அன்று வேறு எந்த வீட்டிலும் கோழி இல்லை, வாசனை எங்கிருந்து வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். நான்கு புதன்கள் ஆகிவிட்டன. வசந்தாவுக்கு ஒரு தட்டில் எடுத்து வைக்கிறேன். எட்டு மணிவரை பார்த்துவிட்டு அதையும் நானே சாப்பிடுகிறேன். கோபம் இன்னும் தீரவில்லை. நிறைய இறங்குகிறது.